ஒரு நாட்டை முழுமையாய்ப் படித்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஒரு தேசத்தை எங்ஙனம் படிப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளிக்கூடத்தில் நமக்கு நாடுகளைக் கூறுபோட்டே கற்பித்தனர். மலையும் ஆறும் விளைபொருளும் பூகோள வாத்தியாருக்கு. போரும் உடன்படிக்கையும் சரித்திர வாத்தியாருக்கு. கதையும் கவிதையும் மொழி வாத்தியாருக்கு. மணி அடித்தால் ஒருவர் போவார், மற்றவர் வருவார். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் யாதொரு தொடர்பும் உண்டென்று நமக்குத் தோன்றியதேயில்லை. ஆயின் ஒரு நாட்டில் வாழ்கின்ற மனிதன் இப்படிப் பாடவேளை பிரித்துக்கொண்டா வாழ்கிறான்? அவன் உண்ணும் சோறு, பாடும் பாட்டு, கொடுக்கும் வரி, அஞ்சும் சட்டம் எல்லாம் ஒரே நாளில், ஒரே வீட்டில் கலந்தே கிடக்கின்றன.

இக்குறையை உணர்ந்த சில பேராசிரியர்கள், ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் சரித்திரம், இலக்கியம், சட்டம், பொருளாதாரம், சமயம், கலை ஆகிய அனைத்தையும் ஒரே மாணவன் ஒருங்கே பயிலும்படியான படிப்பை ஏற்படுத்தினர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1930களில் அமெரிக்க நாகரிக வரலாறு என்ற பெயரில் இத்தகைய படிப்புத் தொடங்கியது. அதில் முதன் முதலாக டாக்டர் பட்டம் பெற்றவர் ஹென்றி நாஷ் ஸ்மித் என்பவர், ஆண்டு 1940. அதே 1930களில் நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. சாந்திநிகேதனில் 1937ஆம் ஆண்டு மகாகவி தாகூர் சீன பவனத்தைத் திறந்துவைத்தார். தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞர் அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. லாலாகுடாவிலிருந்து அதிக தூரமில்லாத உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பெற்றது. இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் கல்லூரி ஆசிரியர்கள் இங்கு வந்து தங்கி, அதன் நூல் நிலையத்தில் படித்துச் சென்றனர். பிற்காலத்தில் அதற்குப் பெயரும் மாறியது, பணியும் சுருங்கியது. அது இயங்கிவந்த நாட்களில் அவ்வழியே பஸ்ஸில் போய்வந்த நம்மவர்களில் எத்தனை பேர் அதற்குள் நுழைந்திருப்போம் என்பது வேறு விஷயம்.

பெயர்களையும் ஆண்டுகளையும் அடுக்கிக்கொண்டே போனால் தாய்மார்கள் எழுந்துவிடுவார்கள். இப்படிப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்ட விரும்புகிறோம். நாம் ரயில்வே ஜனங்கள். ஆகவே அமெரிக்காவின் ரயிலையே எடுத்துக்கொள்வோம்.

தோரோ என்ற ஞானியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்ட மறுப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை மகாத்மா காந்தியின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1845 முதல் 1847 வரை அவர் வால்டன் என்னும் குளக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் தனியே வசித்து, அவ்வனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். இலக்கிய ஆசிரியர் அந்நூலைக் கையில் எடுத்தால், எளிய வாழ்வின் பெருமை, இயற்கையின் அமைதி என்று விரித்துரைப்பார். அதில் பிழையொன்றுமில்லை. ஆனால் சரித்திர மாணவன் குறுக்கிட்டு, "அக்குடிலுக்குப் பலகை எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறான். விடை அந்நூலிலேயே இருக்கிறது. குளத்தின் ஓரமாக அப்போதுதான் ஃபிட்ச்பர்க் ரயில் பாதை போடப்பட்டிருந்தது. அதில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு விலைபேசி, அதைப் பிரித்துத்தான் ஞானி தம் குடிலைக் கட்டினார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த அக்குடும்பம் மறுநாட் காலையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிற்று. எங்கே போயிற்று? குவார்ட்டர்ஸ் காலி செய்து மூட்டை கட்டிப் பழகிய நமக்கு அக்கேள்வி உடனே எழுகிறது. இலக்கியத்தை மட்டும் படித்தவருக்கு எழாது. சரித்திரம் மட்டும் படித்தவரோ அந்நூலைத் திறந்தே இருக்கமாட்டார். இரண்டையும் ஒருங்கே படித்தவர் கண்ணுக்கே அக்குடிசை தெரிகிறது.

லியோ மார்க்ஸ் என்ற பேராசிரியர் இத்துறையில் 1964ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஹாதார்ன் என்ற கதாசிரியர் 1844ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் மரநிழலில் அமர்ந்து, கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ரயில் எஞ்சினின் ஊதல் கேட்டது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்த ஓர் ஊதலைப் பற்றிக்கொண்டு, தோட்டம் போன்ற நாடு வேண்டும், யந்திரமும் வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்ட ஒரு சமூகத்தின் மனப்போராட்டத்தை அந்நூல் விளக்குகிறது.

ரயில் அந்நாட்டின் கடிகாரத்தையும் மாற்றியது. முன்பு ஒவ்வோர் ஊரும் தன் தலைக்குமேல் சூரியன் வருவதையே நண்பகலாகக் கொண்டது. ரயில் கம்பெனிகளோ ஏறக்குறைய 50 விதமான நேரங்களை வைத்துக்கொண்டு தத்தளித்தன. 1883ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகள் தாமே கூடி நாட்டை நேர மண்டலங்களாகப் பகுத்துக்கொண்டன. அரசாங்கம் அதற்குச் சட்டம் இயற்றியது 1918இல்தான். சூரியனுக்கு உரிய அதிகாரத்தை 35 ஆண்டுகள் கம்பெனிகளே நடத்தின என்றால், அந்நாட்டில் வாணிபத்தின் கை எவ்வளவு நீண்டது என்பது விளங்கும். நம் நாட்டிலும் ரயில்கள் பல்லாண்டுகள் மதராஸ் நேரப்படியே ஓடின என்பதையும், 1906 ஜனவரி முதல் நாள்தான் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது என்பதையும் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். லாகூரில் வண்டி ஏறினவனும் மதராஸ் கடிகாரத்தையே பார்க்க வேண்டியிருந்தது! இதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. வானசாஸ்திர நிலையம் மதராஸில் இருந்தது, அவ்வளவே.

இனிச் சட்டத்தைப் பாருங்கள். லூயிசியானா மாகாணத்தில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ரயில் பெட்டி வேண்டுமென்று 1890இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதை எதிர்க்கும் நோக்கத்தோடு ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892 ஜூன் 7ஆம் நாள் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார், கைது செய்யப்பட்டார். வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று 1896இல் தீர்ப்பாயிற்று. நீதிபதி ஹார்லன் ஒருவரே மாறுபட்டு எழுதினார். 1954இல் பள்ளிக்கூட வழக்கில் அக்கொள்கை வீழும்வரை, பள்ளி, தண்ணீர்க் குழாய், சுடுகாடு எல்லாம் அந்த ஒரு ரயில் பெட்டியின் நியாயத்தைக் கொண்டே பிரிக்கப்பட்டன. ஓர் ஆண்டு கழித்து, அதே ஜூன் 7ஆம் நாள், 1893இல், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ஓர் இந்திய வக்கீல் முதல் வகுப்பு டிக்கெட்டோடு ரயிலிலிருந்து கீழே தள்ளப்பட்டார். அவர் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை.

புல்மன் கம்பெனியின் தூங்கும் வண்டிகளில் படுக்கை விரித்த கறுப்பர்களைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேசலாம். அவர்களுக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் இருக்க, பிரயாணிகள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். கம்பெனி முதலாளியின் பெயர் அது. 1925இல் அவர்கள் ராண்டால்ஃப் என்பவர் தலைமையில் சங்கம் கண்டனர். கம்பெனியோடு ஒப்பந்தம் செய்ய 12 ஆண்டுகள் பிடித்தன. 1963இல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் உரிமைப் பேரணிக்குத் தலைமை வகித்தவரும் அதே ராண்டால்ஃப்தான். ரயில்வே தொழிற்சங்கத்தின் சந்தா ரசீதிலிருந்து ஒரு தேசத்தின் மனச்சாட்சி வரை ஒரே கோடு ஓடுகிறது. இக்கோட்டைத் தொழிலாளர் சரித்திரம் பாதியும், அரசியல் பாதியுமாக வைத்திருந்தால் யார் காண்பார்?

இனி நம் மனத்தை மிகவும் தைத்த விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை 1869 மே 10ஆம் நாள் யூட்டா பகுதியில் பிராமண்டரி என்னுமிடத்தில் முடிவுற்றது. மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்காகச் சியரா நெவாடா மலையைக் குடைந்து, பனியில் புதைந்து, வெடிமருந்தில் சிதறி உழைத்தவர்களிற் பெரும்பாலோர் சீனர்கள், ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் குவாங்டுங் மாகாணத்துக் கிராமத்தார். வெள்ளைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு உணவும் தங்குமிடமும் உண்டு. சீனர் தம் சோற்றைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூன் மாதம், கூலி உயர்வும் குறைந்த வேலை நேரமும் கேட்டு அவர்கள் மலைநெடுக ஒரே நாளில் வேலையை நிறுத்தினர். கம்பெனி அவர்களோடு வாதாடவில்லை. மலைக்கு வரும் உணவை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. பாதை முடிந்த அன்று எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் இரு எஞ்சின்களும் முகத்தோடு முகம் நோக்கி நிற்கின்றன. மனிதர் கூட்டம் கூட்டமாகக் குப்பி ஏந்தி நிற்கின்றனர். சீனரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே கூடாதென்று சட்டமும் வந்துவிட்டது.

அக்கம்பெனியின் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு. அவர் செல்வத்தில் எழுந்ததே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்திலேயே 2012ஆம் ஆண்டு, கோர்டன் சாங் என்ற சரித்திரப் பேராசிரியரும், ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின் என்ற அமெரிக்க ஆய்வுத்துறைப் பேராசிரியையும் சேர்ந்து, அச்சீனத் தொழிலாளரைப் பற்றிய பேராராய்ச்சி ஒன்றைத் தொடங்கினர். தொடங்கியதும் ஒரு சுவர் எதிர்ப்பட்டது. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூடக் கிட்டவில்லை. ஒன்றுகூட இல்லை! எழுதத் தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தனர். கடிதப் போக்குவரத்தும் இருந்தது. எல்லாம் அழிந்துபோயின.

சரித்திரம் மட்டும் கற்றவர் ஆவணம் இல்லை என்று கையை விரித்திருப்பார். இங்கேதான் பல துறைகள் கூடியதன் பயன் வெளிப்பட்டது. புதைபொருள் ஆராய்ச்சியாளர், முகாம்கள் இருந்த இடங்களில் தோண்டிக் கிடைத்த கிண்ணங்களையும் மருந்துப் புட்டிகளையும் காசுகளையும் கொண்டு, அவர்கள் எதை உண்டனர், எவ்வாறு பொழுது போக்கினர் என்று கண்டனர். அரிசியும் உலர்ந்த மீனும் கொதிக்கவைத்த தேநீரும் அவர்கள் வழக்கம். ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த மற்றவர்களைவிட வயிற்று நோய் அவர்களுக்குக் குறைவு. (வெந்நீரின் பெருமையை நாம் சொல்லித் தாய்மார்கள் அறிய வேண்டியதில்லை.) இலக்கியம் கற்றோர் பாட்டுகளையும், பின்வந்த சந்ததியார் எழுதிய கதைகளையும் ஆராய்ந்தனர். இன்னும் சிலர் பேரப்பிள்ளைகளின் வீடுதேடிச் சென்று வாய்மொழி வரலாறுகளைத் திரட்டினர். கம்பெனியின் சம்பளப் பட்டியல்களையும் பார்த்தனர்.

அச்சம்பளப் பட்டியலைப் பற்றி ஒரு குமாஸ்தா சொல்ல உரிமை உண்டென்று நினைக்கிறோம். வெள்ளையருக்கு ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக இருக்கிறது. சீனருக்கோ பெரும்பாலும் கோஷ்டித் தலைவன் பெயர் ஒன்று, அவன் கீழ் வேலை செய்த ஆள்நாட்கள் இத்தனை, தொகை இவ்வளவு என்று முடிந்துவிடுகிறது. கணக்கு சரியாகவே இருந்திருக்கும். கூட்டிப்பார்த்தால் ஒரு சென்ட்டும் குறையாது. அக்கணக்கெழுதினவர் கெட்டவரும் அல்லர். மாலைக்குள் பட்டியல் முடிய வேண்டும், பெயர்களோ அவர் நாவுக்குப் புரியாதவை. நாமும் மஸ்டர் ரோல் எழுதுகிறவர்களே. ஒரு வரியில் அடக்கிவிடலாம் என்ற சோம்பல் எவ்வளவு இயல்பானது என்பதை அறிவோம். அந்த ஒரு வரியில் 150 ஆண்டு சரித்திரம் அடைபட்டுக் கிடந்தது.

இன்னுமொன்று. சான்பிரான்சிஸ்கோ நகரில் இச்சீனர்களுக்குச் சொந்த ஊர்வாரியாகச் சங்கங்கள் இருந்தன. புதிதாகக் கப்பலில் வந்தவனுக்கு இடம் காட்டுவது, நோயாளியைப் பார்ப்பது, வழக்கைத் தீர்ப்பது, இறந்தவர் எலும்புகளைத் திரட்டி ஊருக்கு அனுப்புவது ஆகியவை அவற்றின் பணிகள். நமது சங்கத்தைப் போன்றதுதான். பொங்கல் விழா மட்டும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் இப்படிப்பில் குறையே இல்லை என்று கொள்ளவேண்டாம். தொடக்க காலத்து அமெரிக்க ஆய்வாளர், வடகிழக்கு மூலையிலிருந்த சில ஆண் எழுத்தாளர்களின் உள்ளத்தையே தேசத்தின் உள்ளம் என்று எடுத்துக்கொண்டனர். முன்பு சொன்ன ஹென்றி நாஷ் ஸ்மித், மேற்கே கன்னி நிலம் காத்திருக்கிறது என்ற கற்பனை அந்நாட்டை எப்படி ஆட்டிவைத்தது என்று 1950இல் அருமையாக எழுதினார். ஆயின் அந்நிலத்தில் முன்பே வாழ்ந்த பழங்குடிகளின் குரல் அந்நூலில் மிக அரிதே. 1960களில் கறுப்பர் உரிமைப் போர் மூண்ட பின்னரே, "எந்த அமெரிக்கா? யாருடைய அமெரிக்கா?" என்ற கேள்விகள் வகுப்புக்குள் நுழைந்தன. அன்றியும் இத்தகைய படிப்புகளுக்கு அரசாங்கங்கள் பணம் கொடுப்பது வெறும் அறிவு வேட்கையால் மட்டும் அன்று. ரஷ்யா 1957இல் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கா அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, உலக மொழிகளைக் கற்கப் பணத்தைக் கொட்டியது. அவ்வெள்ளத்தில் தமிழுக்கும் ஒரு வாய்க்கால் பாய்ந்தது. பி.எல். 480 கோதுமையை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அக்கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த விலையின் ஒரு பகுதியைக்கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் ஊர்களில் கரையான் தின்றுபோன சில புத்தகங்கள் சிகாகோவில் பத்திரமாக இருப்பதன் ரகசியம் அதுவே. சிகாகோவைச் சேர்ந்த மில்டன் சிங்கர் 1950கள் முதல் சென்னைக்கே வந்து, நம்மவர்களின் பஜனை, கச்சேரி, தொழிலதிபர் இல்லங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார். நம்மை அவர்கள் முழுமையாய்ப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நாம் அவர்களைப் பாடவேளை பிரித்தே படித்துக்கொண்டிருந்தோம்.

இப்பொருளை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் காலனிப் பெண்ணொருத்தி பி.ஏ. தேறியபின், தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறைக்கு மனுச் செய்திருக்கிறாள். கொரியாவைப் பற்றிப் படிக்க வேண்டுமாம். தகப்பனார் நம்மிடம் வந்து, "சார், இவள் டெலிபோனில் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனாள். அது சரித்திரமா, பாஷையா, என்ன படிப்பென்று கேட்டால் எல்லாம் என்கிறாள். எல்லாம் என்று ஒரு படிப்பு உண்டா? வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். அவர் பேரில் நமக்குக் கோபமில்லை. கடன் வாங்கிப் பெண்ணைத் தில்லிக்கு அனுப்பவேண்டியவர் கேட்கத்தக்க கேள்விதான்.

வேலை நிச்சயம் என்று நாம் சொல்லமாட்டோம். பொறியியல் படித்தவனுக்கே நிச்சயமில்லை. ஆனால் சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரியக் கார்த் தொழிற்சாலை நடக்கிறது. கொரியக் குடும்பங்கள் அங்கே வந்து வசிக்கின்றன. மொழி மட்டும் தெரிந்தவர் அவர்கள் சொன்னதை மொழிபெயர்ப்பார். அவர்கள் சொல்லாமல் விட்டதை அறிய, அந்நாடு 1910 முதல் 1945 வரை ஜப்பானின் கீழ் இருந்ததும், 1950இல் மூண்ட யுத்தத்தில் பாழானதும், மூத்தோருக்கு முன் எப்படித் தலை தாழ்த்துவதென்பதும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும். நாடகம் பார்த்து ஆசை வந்தால் என்ன? சினிமாப் பாட்டில் ஆசைப்பட்டுக் கர்நாடக சங்கீதத்துக்குப் போனவர் நம் காலனியில் இல்லையா? ஆசை எந்த வாசலில் நுழைந்தது என்று பார்க்கவேண்டாம். படிப்பு கடினமானபின்பும் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் ஆண்டு முடிவில் அவள் கொரிய மொழியில் ஒரு செய்தித்தாளைத் தட்டுத் தடுமாறியாவது படித்துக் காட்டினால், கடன் வாங்கியது வீணல்ல. தகப்பனார் இச்சபையில் இருக்கிறார். முடிவு அவருடையதும் அப்பெண்ணுடையதும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 1966 அக்டோபர் 2ஆம் நாள் தென் மத்திய ரயில்வே ஏற்பட்டபோதும், அதற்கு முன்னும் பின்னும், நம் பெரியோர்கள் அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் முதலிய ஊர்களை விட்டு இங்கு வந்தனர். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள், ஊரிலிருந்து வந்த கார்டுகள், மாற்றல் உத்தரவுகள், பழைய ரேஷன் அட்டைகள், விழாப் புகைப்படங்கள் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. குவார்ட்டர்ஸ் காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர்க்காரனிடம் போவதும் அவையே. சங்க நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி காலியாக உள்ளது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 வரை நாம் அங்கே இருப்போம். கடிதங்களைக் கொண்டுவந்தால் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பித் தந்துவிடுவோம். புகைப்படம் கொண்டுவருவோர், அதில் நிற்பவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் தனித் தாளில் எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்வரிசையில் நிற்பவர்கள் பெயரையுங்கூட.